1969 கேமரோ: டேக்கில் எக்ஸ்44, காரில் ஸ்டைல் டிரிம் பட்டைகள். எதை நம்புவது?

#1 நார்வுட் பச்சை (கேண்டன், மிச்சிகன்)

வணக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஒஹையோவில் ஒருவரிடம் 1969 செவ்ரோலே கேமரோ கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்று வாங்கினேன். 307 எஞ்சின், இரண்டு கியர் பவர்கிளைடு. எஸ்எஸ், இசட்28 என்ற அதிவேக வகைகள் இரண்டும் இல்லை, சாதாரண கார்தான். ஆனால் ஃப்ளோர் பேன் (தரைத் தகடு) துருவேறாமல் இருந்தது. அதற்காகவே வாங்கினேன்.

எஞ்சின், பிரேக் வேலை முடிந்துவிட்டது. இப்போது வெளிப்பக்க டிரிம்முக்கு வந்திருக்கிறேன். நாலு சக்கர வளைவிலும் பளபளப்பான மோல்டிங் இருக்கிறது. கூரை ஓரத்தில் மழைநீர்க் கால்வாயை மூடும் பட்டையும் இருக்கிறது. பின்பக்க இரண்டு வளைவுப் பட்டைகளில் திருகுகள் துருப்பிடித்துவிட்டன, முன் வலதில் ஒரு நசுங்கல். நாலையும் புதிதாக வாங்கலாமென்று தேடினால் ஒரே பொருளுக்கு ஐந்து கடைகள், ஐந்து விலை. ஒன்றில் ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள், இன்னொன்றில் அலுமினியம். ‘ஒரிஜினல் போலவே’ என்று எல்லோரும்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரிஜினலுக்கு மிக நெருக்கமானது எது, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. பெயிண்ட் வேலை அடுத்த வசந்தத்தில்தான்.

#2 ஃபிஷர் பாடி (டேட்டன், ஒஹையோ)

தம்பி, பட்டை வாங்கும் முன் ஒரு கேள்வி. அந்தப் பட்டைகள் உங்கள் காரில் ஆலையிலேயே இருந்தனவா?

1969 கேமரோவில் எல்லாக் காருக்கும் சக்கர வளைவு மோல்டிங் வரவில்லை. இசட்21 என்ற ஸ்டைல் டிரிம் தொகுப்பு கேட்டு வாங்கிய கார்களுக்குத்தான் வந்தது. அதில் வளைவு மோல்டிங், கூரைக் கால்வாய்ப் பட்டை, டெயில் லைட்டில் பளபளப்பு ஓரம், பின் ஃபெண்டரில் இருக்கும் போலி லூவர்களுக்கு (காற்றுப் பிளவு போன்ற அலங்காரம்) வெள்ளி ஓரம், ஃபெண்டரில் மெல்லிய கோடு எல்லாம் சேர்த்தி. ரேலி ஸ்போர்ட் என்ற இசட்22 வாங்கியவர்களுக்கும் இவை உண்டு. மற்ற கார்களில் சக்கர வளைவு வெறும் பெயிண்ட் அடித்த தகடுதான்.

எஞ்சின் பக்கம் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு), டிரைவர் பக்கமாக ஒரு சிறிய தகடு இருக்கும். கவ்ல் டேக் என்போம். அதில் உள்ளதை அப்படியே எழுதிப் போடுங்கள். உங்கள் கார் ஒஹையோவின் நார்வுட் ஆலையில் செய்ததாக இருந்தால் ரொம்ப வசதி. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் டேக்கில் எக்ஸ் என்று தொடங்கும் ஒரு எண் அடித்தார்கள். கலிபோர்னியாவில் வேன் நைஸ் ஆலையில் செய்த கார்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பாவம், வேறு தடயங்களைத் தேடித்தான் போக வேண்டும்.

#3 நார்வுட் பச்சை

நன்றி அண்ணா. இதுவரை அந்தத் தகட்டை நான் சரியாகப் படித்ததே இல்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

விஐஎன் (காரின் அடையாள எண்) 124379என் என்று தொடங்குகிறது. டேக்கில் முதல் வரியில் 69, 12437, பிறகு நார். அடுத்து டிஆர் 711. பெயிண்ட் என்ற இடத்தில் 57 57. கீழே 03பி. அதன் பக்கத்தில் எக்ஸ்44.

#4 ஃபிஷர் பாடி

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விஐஎன்னில் 1 செவ்ரோலே, 24 என்றால் வி8 கேமரோ, 37 கூப்பே, 9 என்பது 1969, என் என்றால் நார்வுட். 03பி என்பது மார்ச் இரண்டாம் வாரம். டிஆர் 711 என்றால் கறுப்பு நிற ஸ்டாண்டர்டு வினைல் உள்ளலங்காரம். 57 என்பது ஃபாதம் கிரீன் என்ற கரும்பச்சை. அது இரண்டு தடவை வந்திருப்பதால் மேலும் கீழும் ஒரே நிறம். வினைல் கூரையாக இருந்தால் இரண்டாவது 57 இருக்கும் இடத்தில் ஒரு எழுத்து வந்திருக்கும். கறுப்பு வினைல் என்றால் பி. ஆக, யாராவது உங்களிடம் வினைல் கூரைக்கான ஓரப் பட்டையை விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இப்போது எக்ஸ்44. எக்ஸ்11, எக்ஸ்22, எக்ஸ்33 மூன்றும் ஸ்டைல் டிரிம் உள்ள கார்கள். 22 என்றால் எஸ்எஸ்396, 33 என்றால் இசட்28. எக்ஸ்77 என்பது ஸ்டைல் டிரிம் இல்லாத இசட்28. எக்ஸ்44 என்றால் எஸ்எஸ்ஸும் இல்லை, இசட்28உம் இல்லை, ஸ்டைல் டிரிம்மும் இல்லை. 1969 மார்ச்சில் உங்கள் கார் நார்வுட் வாசலைத் தாண்டியபோது சக்கர வளைவில் பட்டை இருந்திருக்கக் கூடாது.

ஆனால் டேக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். போலி டேக் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகட்டின் ரிவெட் கை படாமல் இருக்கிறதா, சுற்றிலும் பழைய பெயிண்ட் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். டேஷுக்கு அடியில், கதவு ஓரத்தில், கிக் பேனலுக்கு (காலடியில் உள்ள பக்கவாட்டு மூடி) பின்னால் ஃபாதம் கிரீன் தெரிகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்44ஐ யாரும் வேலை மெனக்கெட்டுப் போலியாக அடிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். எக்ஸ்33, எக்ஸ்22 டேக்குகளைத்தான் பத்து தடவை பார்ப்பேன்.

அடுத்தது துளைகள். ஒரு பட்டையைக் கழற்றி, திருகு போன ஓட்டையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் கேட்கிறேன்: பின் ஃபெண்டர் லூவர்களில் வெள்ளி ஓரம் இருக்கிறதா?

#5 வுட்வர்ட் வாசி (ராயல் ஓக், மிச்சிகன்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஐம்பது வருடத்துக்கும் மேல் ஆன கார். யாரோ ஒருவர் 1970களிலோ 80களிலோ ஆசைப்பட்டு அந்தப் பட்டைகளைப் போட்டிருக்கலாம். அதுவும் அந்தக் காரின் கதைதானே? ஆகஸ்டில் வுட்வர்ட் டிரீம் குரூஸில் நிற்கும் கார்களில் எத்தனை டேக்கோடு ஒத்துப்போகும்? அந்த வளைவுப் பட்டை கரும்பச்சைக்கு எடுப்பாக இருக்கும். எனக்கென்றால் கழற்ற மனம் வராது.

#6 ஃபிஷர் பாடி

உங்கள் பேச்சை மதிக்கிறேன். வைத்துக்கொள்வது அவர் விருப்பம். ஆனால் அவர் கேட்டது ‘ஒரிஜினல் எது’ என்று. அதற்கு மோல்டிங் விற்கிற கடையின் கேட்டலாக்கில் பதில் கிடைக்காது. கேட்டலாக்கில் ‘1969 கேமரோ’ என்றுதான் போட்டிருக்கும். நார்வுட்டில் மார்ச் மாதம் செய்த இந்த ஒரு கார் என்று போட்டிருக்காது. பதில் காரிடமே இருக்கிறது.

#7 டாட்ஜ் மெயின் (ஸ்டெர்லிங் ஹைட்ஸ், மிச்சிகன்)

என்னுடையது 1970 சேலஞ்சர். ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் பிறந்தது. அந்த ஆலையை 1981இல் இடித்துவிட்டார்கள். அந்த நிலத்தில் இன்று ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) மின்கார் ஆலை நிற்கிறது. அதைத் தாண்டி வண்டி ஓட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

மோபார்காரர்களுக்கு, அதாவது டாட்ஜ் போன்ற கிரைஸ்லர் கார் வைத்திருப்பவர்களுக்கு, இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் அதிகம். ஃபெண்டரின் உட்புறத்தில் உள்ள தகட்டிலேயே டிரிம் பட்டை வரைக்கும் எழுதியிருப்பார்கள். அதைக் கீழ் வரியிலிருந்து மேல் நோக்கிப் படிக்க வேண்டும். தெரியாதவர்கள் மேலிருந்து படித்துக் குழம்புவார்கள். எம்21 இருந்தால் கூரைக் கால்வாய்ப் பட்டை. எம்25 இருந்தால் கதவுக்குக் கீழே வரும் அகலமான சில் மோல்டிங். எம்31 பெல்ட் மோல்டிங். வி1எக்ஸ் என்றால் கறுப்பு வினைல் கூரை. குறியீடு இல்லையென்றால் அந்தப் பட்டை பிறகு வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இதெல்லாம் தெரியாத காலத்தில் சில் மோல்டிங் ஒரு ஜோடி நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டேன். பிறகு தகட்டைப் படித்தால் எம்21 இருக்கிறது, எம்25 இல்லை. அந்த ஜோடி ஆறு வருடமாக என் கராஜ் பரணில் கிடக்கிறது.

இன்னொரு சாட்சி பிராட்காஸ்ட் ஷீட். அசெம்ப்ளி லைனில் தொழிலாளிகளுக்கு ‘இந்தக் காருக்கு இன்னின்னது போடு’ என்று சொல்லும் தாள். வேலை முடிந்ததும் பின் சீட்டு ஸ்பிரிங்கில் செருகிவிடுவார்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டுவிடுவார்கள். எனக்கு சீட்டு அடியில் எலி கடித்த நிலையில் கிடைத்தது. கிடைத்தவுடன் குதிக்கக் கூடாது, அதில் உள்ள விஐஎன்னை முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துக் காரின் தாள் இதில் வந்து கிடப்பது சகஜம். நார்வுட் கேமரோவுக்கும் இப்படித் தாள் உண்டு, பெட்ரோல் டேங்க்கின் மேல் பக்கத்தில் தேடிப் பாருங்கள் நார்வுட் பச்சை. டேங்க்கை எப்படியும் இறக்கத்தானே போகிறீர்கள்.

#8 குதிரைக்காரன் (ஆஸ்டின், டெக்சாஸ்)

ஃபோர்டு பக்கத்துக் கதையையும் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

என் 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் சான் ஹோசேயில் செய்தது. வாங்கியபோது டேஷிலும் கதவிலும் கோடு இழுத்த அலுமினியத் தகடுகள் மின்னின. 67க்கான டீலக்ஸ் உள்ளலங்காரத்தின் அடையாளம் அது. 68க்கு வந்தால் மரத் தோற்றம். கதவுத் தகட்டைப் பார்த்தால் பாடி குறியீடு 63ஏ. டீலக்ஸாக இருந்தால் 63பி என்றிருக்க வேண்டும். கூப்பேக்கு அதே போல 65ஏ, 65பி. கதவுத் தகட்டையும் புதிதாக அடித்து வாங்கலாம் என்பதால் மார்ட்டி ரிப்போர்ட் எடுத்தேன். ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை உரிமம் வாங்கி வைத்திருப்பவர் கெவின் மார்ட்டி. விஐஎன் கொடுத்தால் அந்தக் கார் என்னென்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்று சொல்லிவிடுவார்கள். என் ரிப்போர்ட்டில் உள்ளலங்காரத் தொகுப்பும் இல்லை, வெளியலங்காரத் தொகுப்பும் இல்லை. சக்கர வளைவு மோல்டிங், டிக்கி ஓரப் பட்டை, தட்டினால் திறக்கும் பெட்ரோல் மூடி எல்லாம் அந்த வெளியலங்காரத் தொகுப்பில் வருபவை. என் காரில் மூன்றும் இருந்தன! முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாகச் சேர்த்திருக்கிறார்.

ஆனால் இந்தப் பதிவுகள் 1967 மாடலிலிருந்துதான். 65, 66 மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்குக் கதவுத் தகடும் காரில் உள்ள தடயமும் மட்டும்தான் துணை.

அப்புறம் பார்ட் நம்பர். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபோர்டு எண்ணில் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள். அடுத்த எண் ஆண்டு. மூன்றாவது எழுத்து கார்: இசட் மஸ்டாங், ஓ ஃபேர்லேன், டபிள்யூ கூகர். நான்காவது எழுத்துதான் முக்கியம். பார்ட்ஸ் புத்தகத்தில் சி7இசட்இசட் என்று இருக்கும். கடைசி இசட் என்றால் சர்வீஸ் பார்ட், அதாவது கடையில் விற்பதற்கான எண். பொருளின் மேல் அச்சாகியிருப்பது பெரும்பாலும் பொறியியல் எண். பாடிப் பிரிவு வரைந்ததென்றால் சி7இசட்பி. ‘புத்தகத்தில் ஒரு எண், பொருளில் வேறு எண், அப்படியானால் போலி’ என்று சொல்லி நல்ல ஒரிஜினலைத் திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று: எண்ணில் உள்ள ஆண்டு அந்த வடிவம் வரையப்பட்ட ஆண்டு. 68 காரில் சி7 எண் இருந்தால் பதற வேண்டியதில்லை. முந்தைய வருடப் பொருளை அப்படியே தொடர்ந்திருப்பார்கள். 67 காரில் சி9 எண் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

#9 ஸ்கார்பரோ ராசா (டொராண்டோ)

வணக்கம் அண்ணைமார். கனகாலம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1969 செவ்ரோலே செவெல், கனடாவின் ஓஷாவாவில் செய்தது. விஐஎன் 136 என்று தொடங்குகிறது. எஸ்எஸ்396 பட்ஜ் எல்லாம் ஒட்டியிருந்தது. காரைப் பார்க்க வந்த ஒருவர், ‘உண்மையான எஸ்எஸ் என்றால் 138 என்றுதான் தொடங்கும், இது போலி’ என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். மனம் உடைந்து போனேன்.

பிறகுதான் விளங்கியது. 1966 முதல் 68 வரைக்கும் எஸ்எஸ்396 ஒரு தனி மாடல், அதனால் 138. 1969இல் அதை இசட்25 என்ற ஆப்ஷனாக மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு விஐஎன்னை வைத்துச் சொல்லவே ஏலாது. கனடாவில் விற்ற ஜிஎம் கார்களின் பதிவுகளை ஜிஎம் கனடா இன்னும் வைத்திருக்கிறது. பணம் கட்டி எடுத்தேன். தாளில் இசட்25 வடிவாக இருந்தது. அன்றைக்கு இரவு நித்திரையே வரவில்லை, சந்தோசத்தில்.

அமெரிக்காவில் விற்ற கேமரோவுக்கு அப்படியொரு தாள் கிடைக்காது என்று அறிந்தேன். போன்டியாக் கார் வைத்திருப்பவர்களுக்கு பிஎச்எஸ் என்ற இடத்தில் பில்லிங் பதிவு கிடைக்கும். உங்களுக்கு டேக்கும் ஓட்டையும்தான் சாட்சி. நல்ல வெளிச்சத்தில் பாருங்கோ.

#10 பஃப் வீல் (டொலிடோ, ஒஹையோ)

நான் பட்டை மெருகேற்றுபவன். இருபது வருடமாக இதுதான் வார இறுதி வேலை. உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். இந்த இழையில் எல்லோரும் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள், கையில் இருக்கும் பொருளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் காலக் காரில் பளபளப்பானது எல்லாம் குரோம் அல்ல. மூன்று வகை. ஒன்று ஸ்டெயின்லெஸ். இரண்டு, அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம். மூன்று, துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே செம்பு, நிக்கல், குரோம் பூசியது. எம்பளம், எழுத்துகள், டெயில் லைட் சட்டம் எல்லாம் பெரும்பாலும் மூன்றாவது வகை.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு தப்பு செய்கிறார்கள். ‘காந்தம் ஒட்டினால் இரும்பு, மட்டம், ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ், உயர்ந்தது’ என்று. கார் டிரிம்முக்கு டெட்ராயிட் நிறையப் பயன்படுத்தியது 430 வகை ஸ்டெயின்லெஸ். அதில் காந்தம் ஒட்டும். சமையலறைப் பாத்திரத்தில் வரும் 304இல்தான் ஒட்டாது. அதனால் காந்தம் ஒட்டுகிறது என்று பழைய பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒட்டாவிட்டால் அது அலுமினியமாகவும் இருக்கலாம். கையில் எடுத்தால் எடையே சொல்லிவிடும்.

அனோடைஸ் அலுமினியத்தை நேராக பஃப் பண்ண முடியாது. மேலே இருக்கும் ஆக்சைடு படலம் கண்ணாடி மாதிரி கடினம். கீறல் அந்தப் படலத்துக்குள் இருக்கும்போது மேலே தேய்த்து என்ன பயன்? முதலில் காஸ்டிக் சோடாக் கரைசலில் படலத்தை எடுக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். நிமிடக் கணக்கைக் கவனிக்காவிட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். பிறகு தேய்த்து, மெருகேற்றி, மறுபடி அனோடைஸ் செய்யக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால் ஒரு மழைக்காலத்துக்குள் மங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் இதற்கெல்லாம் தங்கமான பொருள். நசுங்கலைப் பின்னாலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி எழுப்பி, அரத்தால் மேட்டைக் கண்டுபிடித்து, மறுபடி தட்டி, 320இல் தொடங்கி 600 வரை தாள் போட்டுச் சக்கரத்தில் பிடித்தால் புதிது போல ஆகிவிடும். அவசரப்பட்டு ஒரே அடியில் எழுப்பப் பார்த்தால் தகடு நீண்டுவிடும், அதைத் திரும்பச் சுருக்க முடியாது.

எம்பளத்தைப் பற்றி. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழையதில் பார்ட் எண்ணும், பல சமயம் அச்சுக் குழியின் எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். எழுத்தின் விளிம்பு கூராக இருக்கும். ஒரிஜினல் ஒன்றையே வைத்து அச்சு எடுத்த ரிப்ரோவில் (புதிதாகச் செய்த நகலில்) விளிம்பு மழுங்கியிருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நீளமும் ஒரு மயிரிழை குறையும். அந்த மயிரிழை போதும், எம்பளத்தின் பின்னால் இருக்கும் ஸ்டட் (முளை) ஃபெண்டர் துளையில் உட்காராது. உடனே துளையைப் பெரிதாக்காதீர்கள்! துளைதான் சரி, எம்பளம்தான் தப்பு. என்னிடம் வரும் கார்களில் பாதியில் இந்தத் துளைகளை யாரோ நீள்வட்டமாக்கி வைத்திருப்பார்கள்.

என்ஓஎஸ் (விற்காமல் கிடந்த பழைய ஒரிஜினல் பொருள்) பெட்டியில் வந்தது என்பதாலேயே நம்ப வேண்டாம். பெட்டியில் எதை வேண்டுமானாலும் போடலாம். உள்ளே இருப்பது உண்மையான ஜிஎம் பொருளாகவே இருந்தாலும், பல வருடம் கழித்து உதிரிபாகமாகச் செய்ததாக இருக்கலாம். அசெம்ப்ளி லைனில் போன பொருளுக்கும் அதற்கும் வித்தியாசம் வரும்.

#11 நார்வுட் பச்சை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரமாக எழுதாததற்குக் காரணம், அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கண்டதைச் சொல்கிறேன்.

டேக் ரிவெட்டில் பழைய பெயிண்ட் அப்படியே இருக்கிறது. டேஷுக்கு அடியிலும் கிக் பேனலுக்குப் பின்னாலும் ஃபாதம் கிரீன். அண்ணா கேட்ட லூவர்களில் வெள்ளி ஓரம் இல்லை, இருந்ததற்கான தடமும் இல்லை. வளைவுப் பட்டை வாங்கி மாட்டியவர் லூவரை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

பின் இடது வளைவுப் பட்டையைக் கழற்றினேன். அடியில் ஃபாதம் கிரீன் ஓரம் வரைக்கும் ஒரே சீராக இருக்கிறது, அதற்கு மேல் பிந்தைய காலத்துப் பச்சை ஒன்று. பட்டை போட்டு மூடிய பிறகு அடித்த பெயிண்ட் பட்டை விளிம்பில் வந்து நின்றிருக்கிறது. திருகு போன துளைகளில் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் பிரைமரும் இல்லை, பச்சையும் இல்லை. வெறும் தகடு, சுற்றிலும் துரு. துளைகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. இரண்டு இடத்தில் டிரில் வழுக்கிய கீறல்கூட இருக்கிறது. அசெம்ப்ளி மேனுவலின் (ஆலையில் காரைப் பொருத்துவதற்கான வழிகாட்டிப் புத்தகம்) மறு அச்சு ஒன்று வாங்கினேன். இசட்21 பக்கத்தில் உள்ள படத்தோடு வைத்துப் பார்த்தால் துளைகள் எங்கெங்கோ இருக்கின்றன.

முன் இரண்டிலும் அதே நிலைமைதான். ஆனால் பட்டைகளில் ஒரு ஆச்சரியம். பின் இரண்டு பட்டைகளும் ஒரு மாதிரி, முன் இரண்டும் வேறு மாதிரி. முன் பட்டைகளின் உட்புறத்தில் பழைய தார்ப்பூச்சு, கல்துகள், அதற்கு அடியில் மெல்லியதாக ஆரஞ்சு நிறத் தூறல். என் கார் எந்தக் காலத்திலும் ஆரஞ்சாக இருந்ததில்லை.

டேங்க்கை இறக்கினேன். மேலே தாள் ஒட்டியிருந்த அடையாளம் மட்டும் இருக்கிறது. தாள் பொடிந்துபோய்விட்டது. கையில் எடுத்ததும் தூளாகிவிட்டது. அதுதான் கொஞ்சம் வருத்தம்.

#12 ஃபிஷர் பாடி

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. துளை விளிம்பில் பெயிண்ட் இல்லை என்பதை மட்டும் வைத்து நான் முடிவு செய்திருக்க மாட்டேன். ஆலையிலேயே பெயிண்டுக்குப் பிறகு துளை போட்ட இடங்கள் சில கார்களில் உண்டு. ஆனால் டேக், லூவர், பட்டைக்கு அடியில் தொடரும் பச்சை, மேனுவலோடு ஒத்துவராத இடைவெளி என்று நாலும் ஒரே பக்கம் கை காட்டும்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்த ஆரஞ்சுத் தூறல் பெரும்பாலும் 72ஆம் எண், ஹக்கர் ஆரஞ்சாக இருக்கும். அப்படியென்றால் உங்கள் முன் பட்டைகள் ஏதோ ஒரு ஆரஞ்சு ஸ்டைல் டிரிம் காரிலிருந்து ஜங்க்யார்டு வழியாக வந்தவை. ஒரிஜினல் ஜிஎம் பட்டைகள், தப்பான காரில்.

கூரைக் கால்வாய்ப் பட்டையைத் துளையை வைத்துச் சொல்ல முடியாது. அது அழுத்தி மாட்டுவது, திருகு கிடையாது. டேக் சொல்வதை வைத்து அதையும் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

துளைகளை புட்டி வைத்து அடைக்காதீர்கள். பின்னால் ஒரு செம்புத் தகட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கம்பியில் மிக் வெல்டு ஒரு புள்ளி, ஆறவிட்டு அடுத்தது. செம்பில் வெல்டு ஒட்டாது. வளைவு விளிம்பு சூட்டில் சுருண்டுவிட்டால் பிறகு பெயிண்டில் தெரியும்.

#13 வுட்வர்ட் வாசி

அந்த ஆரஞ்சைப் படித்ததும் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அந்தப் பட்டைகளுக்கு வேறு ஒரு வீடு இருந்திருக்கிறது. பட்டை இல்லாத 69 கேமரோவின் சக்கர வளைவு எப்படி இருக்கும் என்று பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். அந்த மடிப்புக் கோடு சக்கரத்துக்கு மேலே தொடங்கிப் பின்னால் ஓடுவது பட்டை இல்லாமல்தான் சுத்தமாகத் தெரிகிறது. இத்தனை வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை.

#14 எக்ஸ்11 (கொலம்பஸ், ஒஹையோ)

புது உறுப்பினர். என்னுடையதும் 69 நார்வுட் கூப்பேதான். டேக்கில் எக்ஸ்11, நிறம் 52, கார்னெட் ரெட். முன்பு வைத்திருந்தவர் முன் ஃபெண்டர் இரண்டையும் மாற்றியபோது வளைவுப் பட்டைகளைத் தொலைத்துவிட்டார். பின் வலதும் நசுங்கியிருக்கிறது. நார்வுட் பச்சை அண்ணா, பட்டைகளைக் கொடுப்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எல்லாம் ஒரிஜினலா?

#15 நார்வுட் பச்சை

தம்பி, பின் இரண்டும் ரிப்ரோ என்றே நினைக்கிறேன். உட்புறத்தில் தார் இல்லை, மடிப்பு சீராக இல்லை, வளைவும் ஃபெண்டரோடு முழுதாக ஒட்டவில்லை, திருகை வைத்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவை உங்களுக்கு வேண்டாம்.

முன் ஜோடி ஒரிஜினல். வலதில் ஒரு நசுங்கல், விரல் நுனி அகலம். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எடையும் இல்லை, அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும். உட்புறத்தைத் துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பஃப் வீல் அண்ணா, இந்த நசுங்கலை எடுக்க முடியுமா?

#16 பஃப் வீல்

கொலம்பஸிலிருந்து டொலிடோ இரண்டரை மணி நேரம். எடுத்துக்கொண்டு வரட்டும். படலத்தை எடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கிய இடத்தில் படலம் வெடித்துக் கோடு கோடாகத் தெரியும். அனோடைஸுக்கு நான் கொடுக்கும் கடையில் ஒரு மாதம் ஆகும். உட்புறத்து ஆரஞ்சை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காஸ்டிக்கில் அதுவும் போய்விடும்.

#17 எக்ஸ்11

சனிக்கிழமை கேண்டன் வருகிறேன் அண்ணா. அங்கிருந்து டொலிடோ வழியாகவே வீடு திரும்பிவிடலாம். டேக் போட்டோவும் கொண்டு வருகிறேன்.